காட்டில் யாருக்கு யார் நெருக்கம்? விலங்குகளின் சமூக வலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யானை, குரங்கு, பறவைக் கூட்டம் என்று எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் கேட்பவர்கள் வந்து நிற்பது சில கேள்விகளில்தான். இதுகளுக்குத் தலைவன் யார்? ஒன்று கற்றதை இன்னொன்று கற்குமா? கூட்டமாக இருப்பதில் என்ன லாபம்? அவற்றுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். எங்கிருந்து வேண்டுமானாலும் படிக்கலாம். ‘எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்’ என்ற கேள்வியை மட்டும் தாண்டிவிடாதீர்கள். மற்ற பதில்கள் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன.

விலங்குகளுக்குச் சமூக வலையா? அப்படியென்றால் என்ன?

யாரோடு யார், எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்ற கணக்குத்தான். கூட்டத்தில் உள்ள ஒவ்வொரு விலங்கையும் தாளில் ஒரு புள்ளியாக வையுங்கள். சேர்ந்து மேய்ந்த, பேன் பார்த்துக்கொண்ட, ஒட்டிப் படுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு போடுங்கள். அடிக்கடி சேர்ந்திருந்தால் கோட்டைத் தடிமனாக்குங்கள். எல்லாவற்றையும் போட்டு முடித்தால் ஒரு வலை கிடைக்கும்.

ஒரு மலையில் நூறு குரங்கு இருக்கிறது என்றால் நமக்குத் தெரிவது ஓர் எண் மட்டும். அந்த நூறில் எந்த இருபது ஒட்டி வாழ்கின்றன, எந்த ஒரு கிழட்டுக் குரங்கு இரண்டு பக்கத்துக்கும் பாலமாக இருக்கிறது என்று தெரிந்தால்தான், நாளை ஒரு நோயோ ஒரு புதுப் பழக்கமோ வந்தால் அது எந்த வழியில் போகும் என்று சொல்ல முடியும். கணக்கெடுப்பு முடிந்ததும் செய்தித்தாளில் வரும் எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு காட்டைப் பற்றிப் பேசுகிறோமே, அதில் பாதிக் கதை விடுபட்டுப் போகிறது என்பது என் கட்சி.

கூட்டமாக இருந்தாலே சமூக வலை இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இல்லை. மழை விட்ட இரவில் தெருவிளக்கைச் சுற்றும் ஈசல்களும் கூட்டம்தான். விளக்கை அணைத்தால் கலைந்துவிடும். பக்கத்தில் சுற்றியது எந்த ஈசல் என்பது எந்த ஈசலுக்கும் பொருட்டில்லை. யானைகள் காலையில் பிரிந்து வேறு யானைகளோடு மேய்ந்தாலும் பிறகு பழைய துணையைத் தேடிப் போகும்.

இதற்கு நேர்மாறாக, தனியாகத் திரிகிற விலங்குக்கும் வலை உண்டு. டாஸ்மேனியப் பேய் என்று ஒரு பிராணி ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவில் இருக்கிறது. இரவில் தனியாக அலையும், கூட்டம் சேராது. அதற்கும் ஒரு வலை இருப்பதைப் பின்னால் நோய் பற்றிய கேள்வியில் பார்க்கலாம்.

யாரோடு யார் என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதலில் ஆளை அடையாளம் தெரிய வேண்டும். யானைக்குக் காது ஓரத்துக் கிழிசல், வால் முடி, தந்தம். டால்பினுக்கு முதுகுத் துடுப்பில் உள்ள வெட்டுகள். சின்னப் பறவைகளுக்குக் காலில் வளையம். இப்போது அந்த வளையத்துக்குள்ளேயே நெல்மணி அளவு மின்னணுச் சில்லு வைத்துவிடுகிறார்கள். தீனிப் பெட்டியில் வந்து உட்கார்ந்ததும் எந்தப் பறவை, எந்த நொடி என்று பதிவாகிவிடும்.

அப்புறம் கணக்கு. வள்ளி, பொன்னி என்று இரண்டு யானைகள் என்று வைத்துக்கொள்வோம். வள்ளியை 10 நாளும் பொன்னியை 12 நாளும் பார்த்தோம். அதில் 6 நாள் இரண்டும் சேர்ந்து நின்றன. இரண்டில் ஒன்றையாவது பார்த்த நாட்கள் 10ஐயும் 12ஐயும் கூட்டி 6ஐக் கழித்தால் 16. ஆறைப் பதினாறால் வகுத்தால் சுமார் 0.38. இதுதான் அந்த ஜோடியின் நெருக்க அளவு. ஒருபோதும் சேராத ஜோடிக்கு 0, பிரியவே பிரியாத ஜோடிக்கு 1. ‘ஆறு நாள் சேர்ந்து பார்த்தேன்’ என்று மட்டும் சொன்னால் போதாது. ஆறே நாள் கண்ணில் பட்டு ஆறு நாளும் சேர்ந்திருந்த ஜோடியும் அதே ஆறைத்தான் காட்டும். ஆனால் அதன் அளவு 1.

அடுத்து வருவது முக்கியமான சந்தேகம். கோடையில் ஒரே ஒரு குட்டையில்தான் தண்ணீர் என்றால் எல்லா யானையும் அங்கேதான் நிற்கும். அது நெருக்கமா, தாகமா? இதைப் பிரிக்க ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். கையில் உள்ள பதிவுகளை எடுத்து, யார் எந்தக் கூட்டத்தில் இருந்தார் என்பதைக் கணினியில் ஆயிரக்கணக்கான முறை குலுக்கிப் போடுவார்கள். குலுக்கிய பிறகும் வள்ளிக்கும் பொன்னிக்கும் 0.38 சுலபமாக வந்துவிடுகிறது என்றால் அதில் விசேஷம் இல்லை. குலுக்கலில் அவ்வளவு வருவதே அபூர்வம் என்றால், தண்ணீரைத் தாண்டி ஏதோ இருக்கிறது.

கூட்டத்துக்குத் தலைவன்தான் முடிவெடுப்பான், இல்லையா?

எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறோம். கென்யாவில் ம்பாலா என்ற ஆராய்ச்சி நிலையத்தில் 2012இல் இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்தார்கள். பபூன் குரங்குக் கூட்டம் ஒன்றில் பெரும்பாலானவற்றுக்குக் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை மாட்டினார்கள். பகல் முழுக்க, நொடிக்கு ஒரு முறை, ஒவ்வொரு குரங்கும் எங்கே நிற்கிறது என்ற பதிவு. இரண்டு வாரத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள். அரியானா ஸ்ட்ராண்ட்பர்க்-பெஷ்கின், டேமியன் ஃபாரின், இயன் கௌசின், மார்கரெட் குரோஃபூட் ஆகியோர் 2015இல் முடிவை வெளியிட்டார்கள்.

அவர்கள் தேடியது சின்னச் சின்ன இழுபறிகளை. ஒரு குரங்கு கூட்டத்தை விட்டு நாலு எட்டு நகரும். பக்கத்தில் இருப்பது பின்னாலேயே போனால் அந்த இழுப்பு பலித்தது. யாரும் வரவில்லை என்றால் போனது திரும்பி வந்துவிடும். இப்படி ஆயிரக்கணக்கான இழுப்புகளைப் பதிவிலிருந்து பொறுக்கி எடுத்துப் பார்த்தபோது, யார் இழுத்தாலும் பலிக்கிற வாய்ப்பு இருப்பது தெரிந்தது. பெரிய ஆண் குரங்குக்குத் தனி மவுசு ஏதும் இல்லை. எத்தனை பேர் ஒரே பக்கம் கிளம்புகிறார்கள் என்பதுதான் எடுபட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த விஷயம். இரண்டு கோஷ்டி இரண்டு பக்கம் இழுத்தால் நடுவில் நிற்கும் குரங்கு என்ன செய்யும்? இரண்டு திசைக்கும் இடைப்பட்ட கோணம் சுமார் 90 பாகைக்குள் இருந்தால் நடுவாக்கில் நடக்கும், சமரசம். கோணம் அதைவிட விரிந்தால் நடுவே போவதில் பயனில்லை. ஏதாவது ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்கும், பெரும்பாலும் ஆள் அதிகமுள்ள பக்கத்தை. இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருந்தால் கிளம்பவே தாமதமாகும். கல்யாண வீட்டிலிருந்து சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எந்தக் குரங்கும் எண்ணிப் பார்க்கவில்லை, கை தூக்கவில்லை. பக்கத்திலிருப்பவர்கள் எங்கே போகிறார்கள் என்று மட்டும் ஒவ்வொன்றும் பார்க்கிறது. மொத்தக் கூட்டமும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

தான்சானியாவின் மன்யாரா ஏரிப் பக்கம் ஆப்பிரிக்க எருமைகளைக் கவனித்த ஹெர்பர்ட் பிரின்ஸ் இதைப்போல ஒன்றைப் பார்த்திருக்கிறார். படுத்திருக்கும் பெண் எருமைகள் எழுந்து, ஒரு திசையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, திரும்பப் படுத்துக்கொள்ளும். பிறகு மந்தை கிளம்பும்போது அந்தப் பார்வைகளின் சராசரித் திசையை ஒட்டியே போகும்.

அப்படியென்றால் ‘ஆல்ஃபா’, அதாவது அடக்கி ஆளும் தலைவன், என்பதெல்லாம் பொய்யா?

ஓநாய் விஷயத்தில் பெரிய அளவுக்குப் பொய்தான். 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் அடைப்பில் வைத்த, ஒன்றுக்கொன்று சொந்தமில்லாத ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து கிளம்பிய கதை அது. காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள். பிள்ளைகள் பெற்றோரின் பின்னால் போகின்றன. ஆல்ஃபா என்ற கருத்தைப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மெக், பிற்பாடு அந்தச் சொல்லை விடச் சொல்லித் தாமே எழுதினார்.

ஆனால் பெரியவனுக்கு எங்குமே அதிகாரம் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நமீபியாவில் வேறு வகைப் பபூன்களை வைத்துச் சோதனை செய்தார்கள். தீனியை ஓரிடத்தில் குவித்து வைத்தபோது தலைமை ஆண் கூட்டத்தை அங்கேயே இழுத்துப் போனது. போன மற்றவற்றில் பலவற்றுக்கு வழக்கமாகக் கிடைப்பதைவிடக் குறைவாகத்தான் கிடைத்தது. அப்படியிருந்தும் போயின. அதிலும் அந்த ஆணோடு நெருங்கிப் பழகியவைதான் முந்திக்கொண்டு பின்னால் நடந்தன. ஆக, ம்பாலா முடிவை எடுத்து எல்லாக் குரங்குக்கும் பொருத்த முடியாது. தீனி சிதறிக் கிடக்கிறதா, குவிந்திருக்கிறதா என்பதைப் பொறுத்து ஆட்டம் மாறுகிறது.

இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஆப்பிரிக்கக் காட்டுநாய். போட்ஸ்வானாவில் அவை ஓய்வெடுத்துவிட்டு வேட்டைக்குக் கிளம்பும் முன் ஒன்றையொன்று உரசி, குதித்து, கூடிக் களிக்கும். அந்த நேரத்தில் தும்மல் போடுகின்றன. தும்மல் அதிகமானால் கூட்டம் கிளம்பும் வாய்ப்பும் அதிகம். தலைமை ஜோடி இந்தக் கூடலைத் தொடங்கிவைத்தால் 3 தும்மல் அளவில் வேலை முடிகிறது. சாதாரண நாய் தொடங்கினால் 10 வரை வேண்டியிருக்கிறது. 2017இல் இது வெளியானபோது ‘நாய்கள் தும்மி ஓட்டுப் போடுகின்றன’ என்று தலைப்புப் போட்டார்கள். தும்மல்தான் கிளம்ப வைக்கிறதா, கிளம்பப் போகிற நாய் மூக்கைச் சுத்தம் செய்துகொள்கிறதா என்பதை அந்த ஆய்வு பிரித்துக் காட்டவில்லை. ஓட்டு என்பது கொஞ்சம் அதிகப்படி.

வானத்தில் ஆயிரக்கணக்கான பறவைகள் மோதிக்கொள்ளாமல் ஒரே அடியாய்த் திரும்புகின்றனவே, எப்படி?

இதற்கு ரோம் நகரத்துக் கூரை ஒன்றில் விடை கிடைத்தது. குளிர்காலத்தில் அங்கே ரயில் நிலையத்தை ஒட்டிய மரங்களில் அடைய வரும் ஐரோப்பியச் சூறைக்குருவிக் கூட்டத்தை, பக்கத்து அருங்காட்சியகத்தின் மொட்டை மாடியிலிருந்து பல கேமராக்களால் ஒரே நேரத்தில் படம் பிடித்தார்கள். ஒவ்வொரு பறவையின் இருப்பிடத்தையும் முப்பரிமாணத்தில் கணக்கிட்டு 2008இல் சொன்னது இது: ஒவ்வொரு குருவியும் கவனிப்பது தனக்கு மிக அருகிலுள்ள ஆறேழு குருவிகளை மட்டும். தூரம் பொருட்டில்லை, எண்ணிக்கைதான். கூட்டம் நெருக்கினாலும் விரிந்தாலும் அதே ஆறேழுதான். அதனால் பைரி பாயும்போது கூட்டம் சிதறி விரிந்தாலும் பிணைப்பு அறுவதில்லை. அந்தக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ஜார்ஜோ பாரிசிக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒழுங்கற்ற, சிக்கலான அமைப்புகள் பற்றிய வேலைக்காகக் கொடுத்தார்கள்.

குளிர்காலத்தில் தமிழ்நாட்டுக்கு வலசை வரும் சூறைக்குருவிகள் இதன் நெருங்கிய உறவு. மாலையில் அடையும் முன் அவையும் திரள்திரளாகப் பறக்கும்.

ஒரு விலங்கு புதிதாகக் கண்டுபிடித்ததை மற்றவை கற்றுக்கொள்ளுமா?

கற்றுக்கொள்ளும். மிகத் தெளிவான சான்று ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் வைட்டம் காட்டில் இருக்கிறது. அங்கே பட்டாணிக்குருவிகளை 1947 முதல் கூடுப்பெட்டி வைத்துக் கவனித்து வருகிறார்கள். ஏறக்குறைய எல்லாப் பறவைக்கும் காலில் சில்லு வளையம் இருப்பதால், யார் யாரோடு தீனிக்கு வருகிறார் என்ற வலை முன்கூட்டியே கையில் இருந்தது.

லூசி ஆப்ளினும் அவருடைய குழுவும் ஒரு பெட்டி செய்தார்கள். முன்னால் ஒரு சின்ன நகரும் கதவு. ஒரு பாதி நீலம், மறு பாதி சிவப்பு. அலகால் கதவை இடது பக்கம் தள்ளினாலும் வலது பக்கம் தள்ளினாலும் உள்ளே இருக்கும் புழு கிடைக்கும். கூலி ஒன்றேதான். காட்டின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் இரண்டே இரண்டு பறவைகளைப் பிடித்து, சில பகுதிகளில் இடது, சில பகுதிகளில் வலது என்று பழக்கி, திரும்ப விட்டார்கள். வேறு சில பகுதிகளில் எதுவும் கற்றுக்கொடுக்காமல் விட்டுவிட்டார்கள். பிறகு பெட்டியை வைத்துக் காத்திருந்தார்கள்.

20 நாளில் அந்தப் பகுதிகளில் சராசரியாக நான்கில் மூன்று பறவைகளுக்குக் கதவைத் திறக்கத் தெரிந்திருந்தது. பழக்கம் போன வழி வலைக் கோடுகளின் வழி. திறக்கத் தெரிந்த பறவையோடு நெருக்கமாக இருந்தவை சீக்கிரம் கற்றன. அதைவிட வியப்பு, இடது பழக்கிய இடத்தில் கூட்டமே இடது, வலது பழக்கிய இடத்தில் கூட்டமே வலது. மறுபக்கமும் திறக்கும் என்று தற்செயலாகக் கண்டுபிடித்த பறவைகளும் ஊர் வழக்கத்துக்கே திரும்பின. ஓரிடத்திலிருந்து வேறோரிடத்துக்குக் குடிபெயர்ந்த பறவைகளில் பெரும்பாலானவை புது ஊரின் பக்கத்துக்கு மாறிக்கொண்டன. அடுத்த குளிர்காலத்தில் பழைய பறவைகளில் பல செத்துப்போய்ப் புதியவை வந்திருந்தும் வழக்கம் அப்படியே இருந்தது. இரண்டு பறவைகளில் தொடங்கியது இது.

அதே இங்கிலாந்தில் வாசலில் வைத்த பால் பாட்டிலின் மூடியைக் குத்தி ஆடையைத் தின்னும் பழக்கம் 1921இல் ஓர் ஊரில் பதிவாகி, பிறகு நாடெங்கும் பரவியது பழைய கதை. அப்போது வலையை அளக்க வழியில்லை.

கடலிலும் உண்டு. அமெரிக்காவின் மெயின் வளைகுடாவில் 1980இல் ஒரு கூனல் திமிங்கிலம் மீனை வளைக்கும் முன் வாலால் தண்ணீரை ஓங்கி அறைந்தது. 2007க்குள் அங்குள்ள கூனல் திமிங்கிலங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதைச் செய்தன. இன்னொன்று கொஞ்சம் மனதைப் பிசையும். 19ஆம் நூற்றாண்டுத் திமிங்கில வேட்டைக் கப்பல்களின் நாட்குறிப்புகளை ஹால் வைட்ஹெட் முதலானோர் புரட்டிப் பார்த்தார்கள். வடக்குப் பசிபிக்கில் வேட்டைக்காரர்கள் ஒரு பகுதிக்குப் புதிதாக வந்த இரண்டரை ஆண்டுக்குள், எண்ணெய்த் திமிங்கிலத்தின் மேல் ஈட்டி எறிந்து பிடிக்கும் வீதம் 58 சதவீதம் விழுந்திருந்தது. அடிபட்டுத் தப்பியவை மட்டும் கற்றிருந்தால் இத்தனை வேகமாக விழாது. மற்றவை பார்த்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

ஜோடிக்காகப் பறவை தீனியை விட்டுக்கொடுக்குமா?

கொடுக்கிறது. அதே வைட்டம் காட்டில் ஜாஷ் ஃபர்த்தும் கூட்டாளிகளும் தீனிப் பெட்டிகளை இரண்டு வகையாக்கினார்கள். சில பறவைகளுக்கு ஒரு வகை மட்டும் திறக்கும், மற்றவற்றுக்கு அடுத்த வகை. சில ஜோடிகளில் ஆணுக்கு ஒரு பெட்டியும் பெண்ணுக்கு இன்னொரு பெட்டியுமாக அமைந்துவிட்டது. அந்தப் பறவைகள் தனக்குத் திறக்காத பெட்டிப் பக்கம் துணையோடு போய் நின்று நேரத்தைச் செலவழித்தன. போகப் போக ஒரு சாமர்த்தியமும் வந்தது: துணை திறந்ததும் பெட்டி பூட்டிக்கொள்ள ஒன்றிரண்டு நொடி ஆகும், அந்த இடைவெளியில் பாய்ந்து ஒரு விதையைக் கவ்விவிடும்.

நெருக்கத்தால் வேறு என்ன லாபம்?

உயிர். ரத்தம் குடிக்கும் வௌவால்கள் இரண்டு மூன்று இரவு தொடர்ந்து பட்டினி கிடந்தால் செத்துப்போகும். பட்டினியோடு திரும்பிய வௌவாலுக்குக் குடித்துவந்த இன்னொன்று ரத்தத்தைக் கக்கி ஊட்டுவதை ஜெரால்ட் வில்கின்சன் 1984இல் கோஸ்டா ரிக்காவிலிருந்து எழுதினார். சொந்தத்துக்கு மட்டும் அல்ல, பழகியவற்றுக்கும் ஊட்டின. பிறகு ஜெரால்ட் கார்ட்டரின் குழு, ஏறக்குறைய 2 ஆண்டு அடைப்பில் வைத்திருந்த வௌவால்களைப் பனாமாவில் அவை வாழ்ந்த மரப்பொந்திலேயே விட்டது. முதுகில் சின்னச் சில்லு. அடைப்பில் ஒன்றுக்கொன்று ஊட்டிப் பழகியவை, வேறு எங்கும் போக முடியும் என்ற நிலையிலும் அதே துணைகளோடுதான் தொங்கின.

கயோ சாந்தியாகோ கதை வேறு மாதிரி. போர்ட்டோ ரிக்கோவை ஒட்டிய அந்தக் குட்டித் தீவில் இருப்பவை செம்முகக் குரங்குகள். 1938இல் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுபோன 409 குரங்குகளின் வழித்தோன்றல்கள். இந்த வகை முரட்டுத்தனத்துக்குப் பேர் போனது, சின்ன விஷயத்துக்கெல்லாம் கடிக்கும். 2017 செப்டம்பரில் மரியா புயல் அடித்துத் தீவின் பசுமையில் 63 சதவீதம் போய்விட்டது. ஆட்கள் தீனி போடுவதால் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை, நிழலுக்குத்தான் பஞ்சம். வெயில் நேரத்தில் ஒரு மரத்தண்டின் ஒடுங்கிய நிழலில் குரங்குகள் வரிசையாக ஒட்டி உட்கார்ந்தன.

அந்த நெருக்கடியில் அவை பழைய சிநேகங்களை இன்னும் இறுக்கிக்கொள்ளும் என்றுதான் ஆராய்ச்சியாளர்கள் எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. முன்பு பக்கத்தில் அண்டவிடாதவற்றையும் சகித்துக்கொண்டு, குறைந்த ஆழத்தில் நிறையப் பழக்கங்களை வளர்த்துக்கொண்டன. 2024இல் வந்த தொடர் ஆய்வில், இப்படிச் சகித்துப் பலரோடு உட்காரத் தெரிந்தவற்றுக்கு இறப்பு அபாயம் குறைவாக இருந்தது. புயலுக்கு முன் அந்தக் குணத்துக்கும் ஆயுளுக்கும் அத்தனை தொடர்பு கிடையாது.

நெருங்கிப் பழகினால் நோயும் பரவுமே?

பரவும். மேலே சொன்ன டாஸ்மேனியப் பேய்க்கு 1996இல் முகத்தில் ஒரு புற்றுநோய் தென்பட்டது. சாதாரணப் புற்றுநோய் ஓர் உடலோடு முடிந்துவிடும். இது கடிபட்ட இடம் வழியாக ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும். இனச்சேர்க்கைக் காலத்திலும் பிணத்தைப் பங்கு போடும்போதும் அவை முகத்தைக் கடித்துக்கொள்ளும். ‘தனியாகத் திரிகிற பிராணிதானே’ என்று இருந்தவர்களுக்கு, அருகில் வந்தால் பதிவு செய்யும் கழுத்துப் பட்டை மாட்டிய பிறகுதான் தெரிந்தது: கண்காணித்தவை அனைத்தும் நேராகவோ இன்னொன்றின் வழியாகவோ ஒரே வலையில் கோக்கப்பட்டிருந்தன. ஒரு மூலையில் நுழைந்த நோய் எல்லா மூலைக்கும் போக வழி இருந்தது. நோய் புகுந்த இடங்களில் எண்ணிக்கை 80 சதவீதம் வரை சரிந்தது.

வலை நோய்க்கு ஏற்ப மாறவும் செய்யும். பெலீஸ் நாட்டில் வௌவால்களில் பாதிக்கு, உடம்பு சரியில்லாதது போன்ற சோர்வைத் தரும் ஊசி போட்டு விட்டார்கள். சோர்ந்தவை ஆறு மணி நேரத்தில் மற்றவற்றைவிடச் சராசரியாக நான்கு பேரைக் குறைவாகச் சந்தித்தன. யாரும் விரட்டவில்லை. சுணங்கிக் கிடந்ததாலேயே தொடர்பு குறைந்தது.

நம் யானைகளும் ஆப்பிரிக்க யானைகள் மாதிரிதானா?

அப்படியே இல்லை. படங்களில் காட்டுகிற மூத்த பாட்டி யானை, அவள் சொல் கேட்டு நடக்கும் குடும்பம் என்பது ஆப்பிரிக்கப் புல்வெளி யானைக்குப் பொருந்தும். அங்கே பாட்டியின் ஞாபகத்துக்கு விலை உண்டு. 1993இல் தான்சானியாவின் தரங்கிரிப் பூங்காவில் கடும் வறட்சி. ஒன்பது மாதத்தில் கண்காணித்த 81 குட்டிகளில் 16 செத்தன. பூங்காவை விட்டு வெளியேறிய குடும்பங்களில் இழப்பு குறைவு. அந்தக் குடும்பங்களில் வயதான பெண் யானைகள் இருந்தன. தந்த வேட்டையில் மூத்தவர்களை இழந்த குடும்பம் பூங்காவிலேயே தங்கி அதிகக் குட்டிகளை இழந்தது. முன்பு 1958 முதல் 1961 வரை வந்த வறட்சியைப் பார்த்த யானை உயிரோடு இருந்ததா என்பதுதான் வித்தியாசம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஆசிய யானைக்கு, இலங்கையின் உடவளவையில் ஷெர்மின் டி சில்வா செய்த வேலையைப் பார்க்க வேண்டும். 286 வளர்ந்த பெண் யானைகளை ஆள் ஆளாக அடையாளம் வைத்துத் தொடர்ந்தார். ஒரு நாளில் கண்ணில் படும் கூட்டங்கள் சின்னவை. இன்று இவளோடு, நாளை அவளோடு என்று துணை மாறும். ‘இதுகளுக்குப் பிடிப்பே இல்லை’ என்று தோன்றும். மாதக்கணக்கில் சேர்த்துப் பார்த்தால்தான் ஒவ்வொருத்திக்கும் திரும்பத் திரும்பப் போய்ச் சேரும் ஆட்கள் இருப்பது தெரிகிறது. மூத்தவள் சொன்னதே சட்டம் என்ற அடுக்கும் ஆப்பிரிக்க யானை அளவுக்கு இங்கே தெளிவாக இல்லை.

ஆண் யானை விஷயம் தென்னிந்தியாவில் இன்னும் சுவாரஸ்யம். ஒற்றைக் கொம்பன் என்றுதான் நமக்குப் பழக்கம். நிஷாந்த் ஸ்ரீனிவாசையாவும் கூட்டாளிகளும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், காடு குறைந்து வயல் நிறைந்த பகுதிகளில் இளம் ஆண் யானைகள் நீண்ட நாள் நிலைக்கும் ஆண்கள் கூட்டமாகவே சேர்ந்து திரிவது தெரிந்தது. பயிர் நல்ல தீனி, ஆனால் ஆபத்து அதிகம். சேர்ந்து போவது அதற்கு ஒரு வழி. வயலுக்குள் நாலைந்து கொம்பன்கள் ஒன்றாக வருகின்றன என்று விவசாயி சொன்னால் மிகைப்படுத்துகிறார் என்று தள்ளிவிடாதீர்கள்.

இதெல்லாம் வனப் பாதுகாப்புக்கு எதற்கு?

தென்னாப்பிரிக்காவின் பிலானஸ்பர்க் பூங்காவுக்குக் குட்டியிலேயே கொண்டுவந்த யானைகள் பெரியவர்கள் இல்லாமல் வளர்ந்தன. 1990களில் அந்த இளம் ஆண்கள் சீக்கிரமே மதம் பிடித்து, 40க்கும் மேற்பட்ட காண்டாமிருகங்களைக் கொன்றன. வேறிடத்திலிருந்து 6 முதிர்ந்த கொம்பன்களைக் கொண்டுவந்து விட்டதும் இளசுகளின் மதம் அடங்கியது, கொலையும் நின்றது. எண்ணிக்கை சரியாக இருந்தது, வலைதான் அறுந்திருந்தது.

அமெரிக்காவில் பெருங்கொம்பு மலை ஆடுகளை, அழிந்துபோன இடங்களுக்குப் பெயர்த்துக் கொண்டுபோய் விட்டபோது, பத்தில் ஒன்றுகூட வலசை போகவில்லை. பசும்புல் எப்போது எந்த உயரத்தில் முளைக்கும் என்பது தலைமுறைகளாகச் சேர்கிற அறிவு. மந்தை அதைத் திரும்பக் கற்கப் பல பத்தாண்டு ஆனது. ஆஸ்திரேலியாவில் ரீஜன்ட் தேனுண்ணி என்ற பறவை சில நூறு மட்டும் மிஞ்சியிருக்கிறது. பாட்டுச் சொல்லித்தர மூத்த ஆண் அருகில் இல்லாததால் சில இளம் ஆண்கள் வேற்றினப் பறவைகளின் பாட்டைப் பாடுகின்றன. அந்தப் பாட்டுக்குப் பெண் மசிவது கடினம்.

இந்த ஆய்வுகளில் எதை நம்பக் கூடாது?

பாதி விலங்குகளுக்கு மட்டும் பட்டை மாட்டிவிட்டு ‘இவள்தான் கூட்டத்தின் மையம்’ என்று சொல்வதை. பட்டை இல்லாத பாதி, வலைக் கோடுகளையே மாற்றிவிடலாம். அப்புறம், அடைப்பில் பார்த்ததைக் காட்டுக்கு அப்படியே தூக்கிப் போடுவதை. ஓநாய்க் கதை போதும் அதற்கு.

நானே பார்க்க முடியுமா?

தாராளமாக. கோயில் மலையிலோ சுற்றுலாத் தலத்திலோ உள்ள நாட்டுக்குரங்குக் கூட்டமே போதும். காதுக் கிழிசல், முகத்துத் தழும்பு, வால் முறிவு என்று அடையாளம் பார்த்து ஏழெட்டுக் குரங்குக்குப் பெயர் வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தலை நிமிர்ந்து, யாருக்கு யார் பேன் பார்க்கிறார், யார் யாரை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார் என்று குறியுங்கள். நடுவில் நடக்கும் சண்டைக்கும் கூச்சலுக்கும் மயங்கி அதை மட்டும் எழுதாதீர்கள். கண்ணில் படுவதெல்லாம் அதுதான் என்றாகிவிடும். சில வாரத்தில் மேலே சொன்ன வள்ளி, பொன்னி கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். யாராவது பொரியோ வாழைப்பழமோ வீசினால் அந்த அரை மணி நேரப் பதிவைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். தீனி விழுந்த இடத்தில் யார் யார் கூடினார்கள் என்பது வீசிய கையைப் பொறுத்தது.